இதயத் தொழில்நுட்பப் படிப்பு: மேற்குத் தீவின் தமிழ் மாணவருக்கும் பெற்றோருக்கும் ஒரு திறந்த மடல்

மொன்றியலின் மேற்குத் தீவில், சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவிலும் அதை அண்டிய பியர்ஃபொன், டொலார்-டே-ஓர்மோ, கெர்க்லண்ட் பகுதிகளிலும் செக்கண்டரி நான்கு, ஐந்தில் படிக்கும் தமிழ் மாணவர்களுக்கும் அவர்களைப் பெற்றவர்களுக்கும்,

இதயத்தின் மின் துடிப்பையும் அசைவையும் இரத்த ஓட்டத்தையும் கருவிகளால் அளந்து, வைத்தியர் முடிவெடுப்பதற்கான பதிவை எடுத்துக் கொடுப்பவரே இதயத் தொழில்நுட்பவியலாளர். ஈ.சி.ஜி. எடுப்பது, ஹோல்டர் பூட்டி அனுப்புவது, ஓடுபட்டியில் நடக்கவிட்டு இதயத்தைச் சோதிப்பது, பேஸ்மேக்கரைப் பரிசோதிப்பது, எக்கோ பார்ப்பது, இதயக் குழாய்களைப் படமெடுக்கும் அஞ்சியோகிராம் அறையில் வைத்தியருக்குத் துணை நிற்பது, திறந்த இதய அறுவையின்போது இதய-நுரையீரல் இயந்திரத்தை இயக்குவது ஆகிய எல்லாமே இந்தத் துறைக்குள் வருபவை. ஆனால் இவை அனைத்தையும் ஒரே படிப்பில் கற்றுவிட முடியாது. எந்த வேலைக்கு எந்தப் படிப்பு என்பது நாட்டுக்கு நாடு மட்டுமல்ல, கனடாவுக்குள்ளேயே மாகாணத்துக்கு மாகாணம் வேறுபடுகிறது. மொன்றியல் தமிழ்க் குடும்பங்கள் பல தடுமாறுவது இந்த இடத்தில்தான். ஒன்ராறியோவில் இருக்கும் சொந்தக்காரர் சொன்னதை வைத்தோ அமெரிக்கக் கல்லூரி ஒன்றின் விளம்பரத்தை வைத்தோ தேடத் தொடங்குகிறார்கள். கியூபெக்கின் கல்லூரிப் பட்டியலில் அந்தப் பெயர் இல்லை என்றதும் இங்கே அப்படியொரு படிப்பே இல்லை என்று விட்டுவிடுகிறார்கள். படிப்பு இருக்கிறது. மூன்று ஆண்டுகளில் முடிகிறது. கியூபெக்கில் வதியும் முழுநேர மாணவருக்கு, செக்கண்டரிக்குப் பின் படிக்கும் அரச கல்லூரியான செஜெப்பில் கல்விக் கட்டணமும் இல்லை. சிறு பதிவுக் கட்டணங்களும் புத்தகச் செலவும்தான்.

கியூபெக்கில் இந்தப் படிப்புக்கு மருத்துவ மின்னுடலியல் தொழில்நுட்பம் என்று பெயர். மொன்றியல் தீவில் இதை நடத்துவது பிரெஞ்சு மொழிச் செஜெப்பான அஹுன்ட்சிக் கல்லூரி. ஹமில்டனின் மோஹாக் கல்லூரியோ பிரிட்டிஷ் கொலம்பியாவின் பி.சி.ஐ.டி.யோ நடத்தும் படிப்பு இதயத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறது; கியூபெக்கின் படிப்பு உடலில் மின்சாரம் ஓடும் எல்லா இடங்களையும் சேர்த்துப் பார்க்கிறது. இதயத்துக்கு ஈ.சி.ஜி., மூளைக்கு ஈ.ஈ.ஜி., நரம்புக்கும் தசைக்கும் ஈ.எம்.ஜி., நித்திரைச் சோதனை, காதின் சமநிலைச் சோதனை என்று மாணவர் அனைத்தையும் படிக்கிறார். இந்தச் சேர்க்கைக்கு மொன்றியலில் பழைய வேர் உண்டு. மூளை மின்பதிவுக்காகத் தலையில் மின்வாய்களை எங்கெங்கே வைப்பது என்று உலகம் முழுதும் இன்று பின்பற்றும் 10–20 முறையை 1958-இல் வெளியிட்ட ஹெர்பர்ட் ஜாஸ்பர், மொன்றியல் நரம்பியல் நிலையத்தில் பணிபுரிந்தவர்.

இதயத்தின் மின்சாரத்தைத் தாளில் கொண்டுவந்தவர் நெதர்லாந்தின் வில்லெம் ஐந்தோவன். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவர் அமைத்த கருவி ஏறத்தாழ 270 கிலோ எடை கொண்டது. அதை இயக்க ஐந்து பேர் வேண்டியிருந்தது. நோயாளி இரு கைகளையும் ஒரு காலையும் உப்புநீர்ப் பாத்திரங்களில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பி, கியூ, ஆர், எஸ், டி என்று அலைகளுக்கு அவர் இட்ட பெயர்கள்தான் இன்றும் வழங்குகின்றன. அவருக்கு 1924-இல் நோபெல் பரிசு கிடைத்தது. வைத்தியர் ஒருவர் தனியே செய்யக்கூடிய வேலையாக இது ஒருநாளும் இருந்ததில்லை. கருவி சுருங்கிக் கைக்குள் அடங்கிவிட்ட பிறகும், அதைச் சரியாகப் பூட்டிச் சரியான பதிவா என்று பார்த்துத் தர ஓர் ஆள் வேண்டியே இருக்கிறது.

இதய மருத்துவத்தின் வரலாறு நம் பகுதியையும் தொடுகிறது. சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவின் ஆங்கிலச் செஜெப்பான ஜோன் அபட் கல்லூரிக்கு, கனடாவின் மூன்றாவது பிரதமர் சேர் ஜோன் அபட்டின் பெயர் சூட்டப்பட்டிருக்கிறது. அவருடைய உறவினரான மோட் அபட், உலக இதய மருத்துவத்தில் மறக்க முடியாத பெயர். பெண் என்பதால் மக்கில் பல்கலைக்கழக மருத்துவபீடம் அவரைச் சேர்த்துக்கொள்ளவில்லை. பிஷப்ஸ் பல்கலைக்கழகத்தில் படித்து 1894-இல் வைத்தியரானார். பின்னர் அதே மக்கிலின் மருத்துவ அருங்காட்சியகப் பொறுப்பாளராகி, போத்தல்களில் பாதுகாக்கப்பட்ட குறைபாடுள்ள இதயங்களை ஒவ்வொன்றாக ஆராய்ந்தார். பிறவி இதய நோய்கள் பற்றி அவர் 1936-இல் வெளியிட்ட நூல் ஆயிரம் நோயாளிகளின் விபரங்களை அடிப்படையாகக் கொண்டது. அவர் வகுத்த அறிவின் மேல் நின்றுதான் பால்ட்டிமோரின் ஹெலன் டவுசிக், நீலம் பாரித்துப் பிறக்கும் குழந்தைகளுக்கு ஓர் அறுவை முறையை யோசித்தார். 1944 நவம்பரில் அந்த முதல் அறுவையைச் செய்தவர் அல்ஃப்ரெட் பிளேலொக். அப்போது அவருக்குப் பின்னால் ஒரு முக்காலியில் ஏறி நின்று, தையல் எப்படிப் போகவேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தவர் விவியன் தோமஸ். அவர் வைத்தியரல்ல, ஆய்வுகூடத் தொழில்நுட்பவியலாளர். தச்சுவேலை தெரிந்தவர், பல்கலைக்கழகம் போகப் பணமில்லாத கறுப்பினத்தவர். அந்த அறுவையை விலங்குகளில் திரும்பத் திரும்பச் செய்து பார்த்து முறையை உருவாக்கியவரும், அதற்கான கருவிகளைத் திருத்தி அமைத்தவரும் அவரே. ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகம் அவருக்குக் கௌரவ கலாநிதிப் பட்டம் கொடுத்தது 1976-இல்தான். பிள்ளை டொக்டராகாவிட்டால் ஆஸ்பத்திரியில் வேறு என்ன மதிப்பு என்று கேட்கும் பெற்றோர் விவியன் தோமஸின் வரலாற்றைத் தேடிப் படிப்பது நல்லது.

ஈ.சி.ஜி. எடுப்பது பார்வைக்கு எளிதான வேலை. பத்து மின்வாய்களை ஒட்டிப் பொத்தானை அழுத்தினால் பன்னிரண்டு லீட்டுகள் தாளில் விழும். ஆனால் அந்தப் பத்தும் எங்கே ஒட்டப்படுகின்றன என்பதில்தான் பதிவின் உண்மை இருக்கிறது. கை கால்களுக்கு நான்கு போக, நெஞ்சுக்கு ஆறு. தொழில்நுட்பவியலாளரின் விரல் முதலில் மார்பெலும்பின் மேற்பகுதியில் உள்ள சிறு மேட்டைத் தேடும். அந்த மேட்டின் பக்கத்தில் சேர்வது இரண்டாம் விலா. அதன் கீழே இரண்டாம் விலா இடைவெளி. அங்கிருந்து தோலின் மேல் விரலால் எண்ணியபடி இறங்கினால் நான்காம் இடைவெளி வரும். அந்த மட்டத்தில் மார்பெலும்பின் வலது ஓரத்தில் முதலாவது நெஞ்சு மின்வாய், இடது ஓரத்தில் இரண்டாவது. காறை எலும்பின் நடுவிலிருந்து இறங்கும் கோடு ஐந்தாம் இடைவெளியைச் சந்திக்கும் இடத்தில் நான்காவது. இரண்டாவதற்கும் நான்காவதற்கும் நடுவே மூன்றாவது. நான்காவதன் மட்டத்திலேயே அக்குளின் முன்பக்கக் கோட்டில் ஐந்தாவதும், அக்குளின் நடுக்கோட்டில் ஆறாவதும். எண்ணாமல் கண்மட்டத்தில் ஒட்டுபவர்கள் முதல் இரண்டையும் ஓர் இடைவெளி உயர்த்தி ஒட்டிவிடுவது மிகவும் பரவலான பிழை. அப்படி ஒட்டினால், நல்ல இதயத்தின் பதிவுகூடப் பழைய மாரடைப்பின் சாயலைக் காட்டக்கூடும். அந்தத் தாளை நம்பி ஒருவர் தேவையில்லாத சோதனைகளுக்கு அனுப்பப்படுவார்.

வலக்கை, இடக்கை வயர்கள் மாறிப்போனால் முதலாம் லீட்டில் எல்லா அலைகளும் தலைகீழாக விழும். இதயமே வலப்பக்கம் இருக்கும் அரிதான மனிதர்களுக்கும் அப்படித்தான் விழும். இரண்டையும் பிரித்தறிய நெஞ்சு லீட்டுகளைப் பார்க்கவேண்டும். வயர் மட்டும் மாறியிருந்தால் அவை வழமைபோல் இருக்கும். இதயம் வலப்பக்கமானால் முதலாவதிலிருந்து ஆறாவது வரை அலைகள் உயர்வதற்குப் பதிலாகத் தேய்ந்துகொண்டே போகும். பயிற்சி பெற்றவர் நோயாளி கட்டிலை விட்டு இறங்கும் முன்னரே இதைக் கண்டுகொண்டு வயரைத் திருத்தி இன்னொரு பதிவு எடுப்பார். பயிற்சியில்லாதவர் எடுத்தால் அந்தத் தாள் அப்படியே கோப்புக்குள் போய்ச் சேரும்.

பதிவில் விழும் குப்பையை அடையாளம் காண்பதும் இந்தத் தொழிலின் பெரும்பகுதி. தாள் வினாடிக்கு 25 மில்லிமீட்டர் வேகத்தில் நகரும். ஒரு சிறு கட்டம் 0.04 வினாடி. பாக்கின்சன் நடுக்கம் வினாடிக்கு நான்கு முதல் ஆறு தடவை வரும், அதாவது நிமிடத்துக்கு 240 முதல் 360. மேலறைப் படபடப்பு ஒன்றின் வேகமும் நிமிடத்துக்கு ஏறத்தாழ 300. தாளில் இரண்டும் ஒன்றுபோலத் தெரிய வாய்ப்புண்டு. நோயாளியின் கையைப் பார்த்திருந்தவருக்கே எது கை, எது இதயம் என்று தெரியும். ஜனவரி மாதத்தில் வெளியிலிருந்து வந்தவர் உடுப்பைக் களைந்தவுடன் பதிவு எடுத்தால், குளிர் நடுக்கத்தில் அடிக்கோடு முழுதும் அதிரும். போர்வையால் மூடிச் சற்றுப் பொறுத்து எடுத்தால் கோடு தெளியும். இலங்கையிலோ இந்தியாவிலோ பழகி வந்தவர் கவனிக்கவேண்டிய இன்னொன்றும் உண்டு. அங்கே வீட்டு மின்சாரம் வினாடிக்கு 50 சுழற்சி, இங்கே 60. சுவரிலிருந்து வரும் இரைச்சலை வடிகட்டும் அமைப்பு அந்தந்த நாட்டு அளவுக்கே வைக்கப்பட்டிருக்க வேண்டும்.

கருவிக்கு அப்பால் மனிதர் இருக்கிறார். சேலை கட்டிய எண்பது வயது அம்மாவிடம் சட்டையைக் கழற்றச் சொல்வது, மின்வாயை மார்பின் மேல் அல்லாமல் கீழே ஒட்டவேண்டும் என்பதால் அதற்கு அனுமதி கேட்பது, நெஞ்சில் கிடக்கும் தாலிக்கொடியைக் கழற்றத் தேவையில்லை, சற்று ஒதுக்கினால் போதும் என்று சொல்வது எல்லாமே இந்த வேலைக்குள் அடங்கும். மொழி தெரியாத இடத்தில் அந்த அம்மா பயத்தோடு மூச்சை அடக்கிக்கொண்டு படுத்திருப்பார். இறுகிய தசை பதிவைக் கெடுக்கும். தமிழில் இரண்டு வார்த்தை கேட்டால் தோள் தளர்ந்துவிடும். மேற்குத் தீவு மக்கள் நாடும் லேக்ஷோர் வைத்தியசாலைக்கும், முதல் உலகப் போரிலிருந்து திரும்பிய படையினருக்காக 1917-இல் சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவில் தொடங்கி 2016-இல் மத்திய அரசிடமிருந்து கியூபெக்கின் கைக்கு மாறிய சென்ட்-ஆன் வைத்தியசாலைக்கும் இப்படிப்பட்ட கைகள் வேண்டும். முதியோர் தொகை ஏறிக்கொண்டுதான் போகிறது.

ஏனைய சோதனைகளுக்கு ஈ.சி.ஜி. அறிவே அடித்தளம். ஹோல்டர் என்பது ஒரு நாளோ அதற்கு மேலோ உடம்பில் கொண்டுதிரியும் ஈ.சி.ஜி.; படபடப்பு வந்த நேரத்தையும் அப்போது செய்துகொண்டிருந்த வேலையையும் நோயாளி குறித்துவைக்க வேண்டும். அந்தக் குறிப்பை ஒழுங்காக எழுதவைப்பது தொழில்நுட்பவியலாளர் கொடுக்கும் விளக்கத்தைப் பொறுத்தது. ஓடுபட்டிச் சோதனை பெரும்பாலும் புரூஸ் முறையில் நடக்கும்: மணிக்கு 2.7 கிலோமீட்டர் வேகத்தில், 10 வீத ஏற்றத்தில் தொடங்கி, மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை வேகமும் ஏற்றமும் கூடும். 220-இலிருந்து வயதைக் கழித்து வரும் எண்ணின் 85 வீதம் வரை துடிப்பு ஏறவேண்டும் என்பது வழமையான இலக்கு. ஐம்பது வயதுக்காரருக்கு அது நிமிடத்துக்கு 145 அளவில் வரும். நெஞ்சுவலி, இரத்த அழுத்தம் ஏறாமல் இறங்குவது, பதிவில் ஆபத்தான மாற்றம் என்பவற்றைக் கண்டால் நிறுத்தவேண்டும். அங்கே கண்ணும் வாயும் ஒரே நேரத்தில் வேலை செய்யும். திரையை விட்டுக் கண் எடுக்காமலே, நடப்பவரிடம் எப்படி இருக்கிறது என்று கேட்டுக்கொண்டிருப்பார்கள்.

பேஸ்மேக்கர் பரிசோதனை இன்னும் நுட்பமானது. இதயத்தைத் துடிக்கவைக்க எவ்வளவு குறைந்த மின்சாரம் போதும், இதயத்தின் சொந்தத் துடிப்பைக் கருவி உணர்கிறதா, வயரின் தடை எவ்வளவு, மின்கலம் இன்னும் எத்தனை காலம் வரும் என்பவற்றை வெளியிலிருந்தே அளந்து பதிவார்கள். இந்தக் கருவியின் வரலாற்றில் கனடாவுக்குப் பங்குண்டு. தேசிய ஆராய்ச்சிப் பேரவையின் மின்பொறியியலாளர் ஜோன் ஹொப்ஸ், ரொறொன்ரோவின் வில்ஃப்ரெட் பிகலோ, ஜோன் கலஹன் ஆகிய இரு சத்திர வைத்தியர்களோடு சேர்ந்து 1950-இல் உடலுக்கு வெளியே வைத்து இயக்கும் பேஸ்மேக்கர் ஒன்றை அமைத்தார். பிற்காலத்தில் அவருடைய இதயத்துக்கே ஒரு பேஸ்மேக்கர் தேவைப்பட்டது.

எக்கோவுக்கு வழி வேறு. ஒலியலையை அனுப்பித் திரும்பிவரும் எதிரொலியால் இதயத்தின் சுவரையும் வால்வையும் பார்க்கும் முறையை 1953-இல் சுவீடனின் லுண்ட் நகரில் இங்கெ எட்லரும் ஹெல்முத் ஹேர்ட்சும் தொடங்கினார்கள். அவர்கள் முதலில் பயன்படுத்தியது உலோகத்தில் வெடிப்புத் தேடும் கருவி. கியூபெக்கில் எக்கோவை இலக்காக வைப்பவர்கள் மருத்துவ மீயொலித் தொழில்நுட்பப் படிப்பைப் பார்க்கவேண்டும். அஹுன்ட்சிக்கில் அது பிரெஞ்சிலும், நகர மையத்தில் உள்ள டோசன் கல்லூரியில் ஆங்கிலத்திலும் நடக்கிறது. அஞ்சியோகிராம் அறையில் பெரும்பாலும் வேலை செய்பவர்கள் கதிர்ப்படத் தொழில்நுட்பவியலாளர்களும் தாதியருமே. அமெரிக்காவில் இருப்பதைப் போல இங்கே அதற்கென்று தனி இதயத் தொழில்நுட்பப் படிப்பு இல்லை. அந்த அறையில் வேலை செய்ய விரும்புபவருக்கு மொன்றியல் பெருமைப்படத்தக்க இடம். போல் டேவிட் 1954-இல் நிறுவிய மொன்றியல் இதய நிலையத்தில்தான் 1968 மே 31 அன்று பியர் குரோந்தன் கனடாவின் முதலாவது இதயமாற்று அறுவையைச் செய்தார். தொடையிலிருந்து குழாய் செலுத்தும் வழமையிருந்த காலத்தில், மணிக்கட்டு நாடி வழியே இதயக் குழாய்களைப் படமெடுக்கலாம் என்று நூறு நோயாளிகளில் செய்து காட்டி 1989-இல் எழுதியவர் அதே நிலையத்தின் லூசியன் கம்போ. இன்று உலகின் பெரும்பாலான நாடுகளில் அந்த மணிக்கட்டு வழியே முதல் வழி. கையில் சிறு கட்டோடு அன்றே எழுந்து நடக்கும் நோயாளி எவரும் அவருக்குக் கடன்பட்டவரே.

இதய-நுரையீரல் இயந்திரத்தை இயக்குபவரின் பயிற்சி செஜெப்போடு முடிவதில்லை. மொன்றியல் பல்கலைக்கழகத்தில் உயிர்மருத்துவ விஞ்ஞானம் படித்து அதன் மேல் அத்துறைக்கான பட்டப்பின் டிப்ளோமாவும் முடிக்கவேண்டும். அந்த வழிக்கு முதற்படி செஜெப்பின் இரண்டாண்டு விஞ்ஞானப் பிரிவு. இதை ஜோன் அபட்டிலேயே படிக்கலாம்.

ஜோன் அபட்டில் இதயத் தொழில்நுட்பப் படிப்பு கிடையாது. அங்கே இருப்பவற்றில் இதயத்துக்கு மிக அருகில் வருபவை இரண்டு. ஒன்று மூன்றாண்டுத் தாதியியல். முடித்துப் பதிவுபெற்றவர்கள் இதயத் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கும் அஞ்சியோகிராம் அறைக்கும் போகலாம். மற்றது மூன்றாண்டு முன்மருத்துவ அவசரப் பராமரிப்பு, அதாவது அம்புலன்ஸ் சேவைக்கான பராமெடிக் படிப்பு. வீட்டு வரவேற்பறையிலேயே பன்னிரண்டு லீட் ஈ.சி.ஜி. எடுத்து, அது மாரடைப்பின் பதிவாக இருந்தால் அருகில் உள்ள ஆஸ்பத்திரியைத் தாண்டி அடைபட்ட குழாயைத் திறக்கும் அஞ்சியோபிளாஸ்டி செய்யும் ஆஸ்பத்திரிக்கு நேராகப் போவது இன்றைய பராமெடிக் வேலை. விலா இடைவெளியை எண்ணும் அதே விரல்தான் அங்கும் தேவை. வீட்டுக்கு அருகில் கல்லூரி இருக்கிறது என்பதற்காக மட்டும் படிப்பைத் தேர்ந்தெடுப்பது, மின்னுடலியலில் ஆர்வமுள்ள பிள்ளையின் பாதையை மாற்றிவிடும். தீவின் மேற்கு முனையிலிருந்து அஹுன்ட்சிக்குக்குப் போய்வருவது நாளாந்தம் நேரம் தின்னும் பயணம். அதையும் கணக்கில் எடுத்தே முடிவு செய்யவேண்டும்.

அஹுன்ட்சிக்கில் மூன்றாண்டும் எப்படிப் போகும் என்பதும் தெரிந்திருப்பது நல்லது. எல்லாச் செஜெப் மாணவரையும் போலப் பிரெஞ்சு இலக்கியம், தத்துவம், ஆங்கிலம், உடற்கல்வி என்ற பொதுப் பாடங்கள் உண்டு. அவற்றோடு உடற்கூற்றியல், உடற்தொழிலியல், மின்னியல், நோயியல். ஆய்வுகூடத்தில் மாணவர் ஒருவர் மற்றவரின் உடலில் மின்வாய் ஒட்டிப் பழகுகிறார். இறுதிப் பகுதியில் வைத்தியசாலைகளில் களப்பயிற்சி. புத்தகத்தில் கெட்டிக்காரராக இருந்தவர் களப்பயிற்சியில் தடுமாறுவதும், வகுப்பில் பின்வரிசையில் இருந்தவர் நோயாளியின் பக்கத்தில் மிளிர்வதும் நடக்கும். நோயாளியின் உடலைத் தொடக் கூசுபவர்களும் கண்முன்னே ஒருவர் மயங்கினால் உறைந்துபோகிறவர்களும் முதல் ஆண்டிலேயே தங்களை நன்றாகக் கேட்டுப் பார்க்கவேண்டும்.

டிப்ளோமா கையில் கிடைத்தாலும் உடனே வேலை செய்யமுடியாது. மருத்துவப் படிமவியல், கதிர்ச் சிகிச்சை, மருத்துவ மின்னுடலியல் ஆகிய துறைகளின் தொழில்நுட்பவியலாளர்களுக்கென ஒரே தொழில்சார் ஒழுங்கமைப்பு கியூபெக்கில் சட்டப்படி இயங்குகிறது. அதன் அனுமதிப்பத்திரம் வேண்டும். பொதுமக்களைக் காப்பதே அந்த அமைப்பின் கடமை. தொழிலில் பிழை விட்டால் விசாரிக்கும் அதிகாரமும் அதற்கு உண்டு. பிரெஞ்சு மொழிச் சாசனத்தின் 35-ஆம் பிரிவின்படி, தொழிலுக்கு ஏற்ற பிரெஞ்சு அறிவு இல்லாதவருக்கு எந்த ஒழுங்கமைப்பும் நிரந்தர அனுமதி கொடுக்கமுடியாது. மூன்றாண்டு முழுநேரமாகப் பிரெஞ்சில் இடைநிலைக் கல்வியோ அதற்கு மேற்பட்ட கல்வியோ பெற்றவருக்கு அந்த அறிவு இருப்பதாகவே கொள்ளப்படும்.

மொன்றியல் தமிழ்ப் பிள்ளைகளின் பலம் இங்கே வெளிப்படுகிறது. அந்தச் சாசனத்தைக் கொண்டுவந்த 1977-இன் 101-ஆம் சட்டம் குடிவந்தோரின் பிள்ளைகளைப் பிரெஞ்சுப் பாடசாலைக்கு அனுப்பியது. அந்த நாட்களில் அதை ஒரு தடையாகவே பல பெற்றோர் பார்த்தார்கள். செக்கண்டரி முடிந்ததும் பிள்ளையை ஆங்கிலச் செஜெப்புக்கு மாற்றிவிடும் வழக்கமும் அதிலிருந்து வந்ததுதான். ஆனால் வீட்டில் தமிழும், பள்ளியில் பிரெஞ்சும், தெருவில் ஆங்கிலமுமாக வளர்ந்த பிள்ளைக்கு மொன்றியல் ஆஸ்பத்திரி ஒன்றின் சோதனை அறையில் பேசமுடியாத நோயாளி அரிது. பிரெஞ்சுச் செஜெப்பை முதலிலேயே பட்டியலிலிருந்து வெட்டிவிடுவது இந்தப் பலத்தைத் தாமே கைவிடுவதாகும்.

இந்தத் தொழிலில் தமிழர் இருப்பதற்கு இன்னொரு வலுவான காரணம் நோயே. 52 நாடுகளில் நடந்து 2004-இல் வெளியான இன்டர்ஹார்ட் ஆய்வை நடத்தியவர் ஹமில்டனின் மக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சலீம் யூசுஃப். அதன் தரவுகளிலிருந்து 2007-இல் வெளியான பகுப்பாய்வு, தென்னாசியருக்கு முதல் மாரடைப்பு வரும் சராசரி வயது 53 என்றும், ஏனைய நாட்டவருக்கு அது 58-ஐத் தாண்டியது என்றும் காட்டியது. வீடு வாங்கிய கடனும் பிள்ளையின் படிப்புச் செலவும் தலைமேல் இருக்கும் வயது அது. இலங்கை, இந்தியக் குடும்பங்கள் பலவற்றில் இந்தச் செய்தி ஆய்வுக்கு முன்னரே தெரிந்த ஒன்று. நெஞ்சை அடைக்குது என்று சொல்லிக்கொண்டு, வாயு என்று நினைத்து இஞ்சி கசாயம் குடித்துவிட்டு மறுநாள் அவசரப் பிரிவுக்கு வரும் அப்பாவிடம், வலி எப்போது தொடங்கியது என்ற கேள்விக்குச் சரியான பதிலை எடுக்க அவருடைய பேச்சு தெரிந்த ஒருவர் அங்கே இருக்கவேண்டும்.

தமிழ்நாட்டிலிருந்தும் இலங்கையிலிருந்தும் தகுதியோடு வந்தவர்கள் இன்னொரு பகுதியினர். டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் கீழ் இதயத் தொழில்நுட்ப பி.எஸ்.சி. முடித்தவர்களும், இலங்கை அரச ஆஸ்பத்திரிகளில் ஈ.சி.ஜி. பதிவாளராகப் பணிபுரிந்தவர்களும் மொன்றியலில் தொழிற்சாலையிலும் களஞ்சியத்திலும் வேலை செய்வதைக் காணும்போது மனம் வருந்துகிறது. இவர்களுக்குக் கியூபெக்கில் வழி அடைக்கப்படவில்லை. ஒழுங்கமைப்பு அவர்களின் பட்டத்தையும் பயிற்சியையும் இங்குள்ளதோடு ஒப்பிட்டுப் பார்க்கும். குறைவாகக் கருதும் பாடங்களையோ களப்பயிற்சியையோ மட்டும் செய்யச் சொல்லலாம். இங்கேயுள்ள மிகப்பெரிய சிக்கல், இதயம் மட்டும் படித்தவருக்கு மூளை, நரம்புப் பகுதி இல்லாமல் இருப்பது. கியூபெக்குக்கு வெளியே போகத் தயாரானவர்களுக்குக் கனடிய இதயத் தொழில்நுட்பவியலாளர் சங்கத்தின் தேசியத் தேர்வு வேறொரு வழி. அது இதயத்தை மட்டும் கேட்கும். எந்த வழியானாலும் பாடத்திட்டத்தின் முழு விபரம், ஒவ்வொரு பாடத்துக்கும் மணித்தியாலம், களப்பயிற்சிச் சான்று ஆகியவற்றைப் பல்கலைக்கழக முத்திரையோடு நாட்டை விட்டு வரும் முன்னரே எடுத்துக்கொள்வது பிற்பாடு மாதக்கணக்கான அலைச்சலைக் குறைக்கும். பிரெஞ்சு வகுப்பையும் வந்த முதல் ஆண்டிலேயே தொடங்கிவிடுவது நல்லது; அரசு அதை இலவசமாக நடத்துகிறது.

செக்கண்டரி மாணவருக்கு முன்நிபந்தனை கணிதமும் விஞ்ஞானமும். எந்த நிலைக் கணிதம், எந்த விஞ்ஞானம் என்பது கல்லூரியின் அந்த ஆண்டுக் கையேட்டில் இருக்கும். நான்காம் ஆண்டில் பாடம் தெரிவு செய்யும்போதே அதைப் பார்த்துவிடவேண்டும். இலகுவான கணிதத்தை எடுத்துவிட்டுப் பிறகு கோடைகாலத்தில் திரும்பப் படிப்பவர்கள் ஒவ்வோர் ஆண்டும் இருக்கிறார்கள். மொன்றியல் பகுதிச் செஜெப்புகளுக்கான விண்ணப்பம் ஸ்ராம் என்ற பொதுச் சேர்க்கைச் சேவை வழியே போகும். இலையுதிர் காலத் தவணைக்கு முதல் சுற்றின் இறுதி நாள் மார்ச் 1. அதற்கு முன்னதாகக் கல்லூரிகள் திறந்த நாள் நடத்தும். அந்த நாளில் அஹுன்ட்சிக்கின் மின்னுடலியல் ஆய்வுகூடத்துக்குப் போய், அங்கே நிற்கும் மூன்றாம் ஆண்டு மாணவரிடம் களப்பயிற்சியைப் பற்றிக் கேட்பது கையேடு படிப்பதைவிடப் பயன் தரும். ஒரு சுற்றில் ஒரே படிப்புக்குத்தான் விண்ணப்பிக்கலாம். ஆகவே மின்னுடலியலா, மீயொலியா, தாதியியலா என்ற பேச்சு தைப்பொங்கலுக்கு முன்னரே வீட்டில் நடந்து முடிந்திருக்கவேண்டும்.